கை மடியில்

பதினொன்று அடித்து நான்கு நிமிடம் ஆகிறது. சம்மு உள்ளே போய்விட்டாள், கதவு சாத்தியாயிற்று, சுவரில் இருக்கிற டி.வி.யில் நான்கு கட்டம், கீழே இடது பக்கக் கட்டம் எங்களுடையது, அதில் ஒரு நீல நாற்காலி, நாற்காலியில் என் மகள், எதிரே பெனிட்டா மிஸ், நடுவே மேசை. சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். சத்தம் வைத்தால் பெற்றவர்கள் எழுந்து ஓடி வந்துவிடுகிறார்கள் என்று இந்தப் பயிற்சி மையத்தில் முதல் நாளே சொன்னார்கள், நியாயமாகத்தான் பட்டது, அப்போது எல்லாமே நியாயமாகப் பட்டது. சட்டைப் பையில் காது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு நாலாக மடித்துக் கிடக்கிறது. வலது காது, ஜவ்வில் ஓட்டை. அவர் கையெழுத்து எனக்குப் புரியவில்லை, ஆனால் பக்கத்திலேயே ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார், படம் போட்டால் எனக்குப் புரிந்துவிடும். பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை, ஃபவுண்டரியில் வார்த்து வரும் காஸ்டிங்கைப் படத்தோடு ஒத்துப் பார்த்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைப்பது. திருமலைசாமி கண்ணுக்குத் தப்பாது என்று ஃபவுண்டரிக்காரர்கள் சபித்துக்கொண்டே சொல்வார்கள். பத்தரைக்கு டாக்டர் வீட்டு வாசலில் நின்றபோது நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம், கோகிலாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினொன்றுக்கு வகுப்பு என்று ஞாபகம் வந்தது, வந்துவிட்டேன். ஒரு வகுப்பு விட்டால் மூன்று நாள் பழக்கம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மகளைப் பழக்கியதைவிட என்னை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

பெனிட்டா மிஸ் மூக்குக்கு நேராக விரலை வைக்கிறாள். பார், என்கிறாள், கேட்கவில்லை, உதடு தெரிகிறது. சம்மு பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. தேன்மிட்டாய்க் கால் துண்டு. அந்தத் துண்டுகளை நான்தான் காலையில் பிளேடு வைத்து வெட்டி எடுத்து வருகிறேன், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே அப்படித்தான் வரும். காகிதத்தில் ஒரு கூட்டல் குறி. அடுத்து கை, கை மடியில். சம்முவின் இரண்டு கையும் மடிக்கு வருகின்றன, ஒன்றன்மேல் ஒன்று, கல்யாண வீட்டு ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. கூட்டல் குறி. முன்பெல்லாம் அந்தக் கைகள் மடியில் கிடக்காது, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரல்களை விரித்து விரித்து ஆட்டுவாள், ஆட்டிவிட்டுச் சிரிப்பாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கோடை விடுமுறையில் அதை எடுத்துவிட்டார்கள், நான் கை தட்டினேன். ஏ.பி.ஏ. என்று மூன்று எழுத்து. நடத்தையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிக்க வேண்டும், வேண்டிய துண்டுக்குப் பரிசு, வேண்டாத துண்டைக் கண்டுகொள்ளவே கூடாது, இரண்டையும் எண்ண வேண்டும். எண்ண வேண்டும் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆட்டிசம் என்று பெயர் வைத்த நாளிலிருந்து கடவுள், ஜாதகம், மூலிகை, பக்கத்து வீட்டம்மா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் முதல்முறையாக ஒருவர் எண்ணிக்கை கேட்டார். பலன் இல்லை என்று சொல்ல முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாத்ரூம் போகக் கற்றாள், டம்ளரைப் பிடிக்கக் கற்றாள், ரோட்டைப் பார்த்து ஓடுவதை நிறுத்தினாள், ஏழு வயதில் பதினொரு வார்த்தை பேசுகிறாள். அட்டைப் படங்கள் ஒரு பெட்டி நிறைய, காட்டினால் சரியானதை எடுத்துத் தருவாள். பஸ், யானை, குடை, பென்குயின். கோயம்புத்தூரில் இருக்கிற பிள்ளைக்குப் பென்குயின். வலிக்கு ஒரு படம் அந்தப் பெட்டியில் இல்லை, நேற்று ராத்திரி மொத்தத்தையும் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டேன், இல்லை.

"என்னங்க சார், இன்னைக்கும் நீங்கதான் வந்திருக்கீங்க, இன்னும் லீவா?" பக்கத்து நாற்காலிக்கு பரிமளாக்கா வந்து உட்கார்கிறார். மேலே வலது பக்கக் கட்டத்தில் இருக்கிறவன் அவர் பையன், பத்து வயது, மேசைக்கு அடியில் படுத்திருக்கிறான். லீவுங்க, என்கிறேன். "அங்க பாருங்க, படுத்துட்டான் துரை. இனி மிஸ்சும் மேசைக்கு அடியில போய்த்தான் பாடம் நடத்தோணும்." சிரிக்கிறார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "அந்த போர்டுல ஒட்டியிருக்கறது உங்க பாப்பா கிராஃபுதானுங்களே? பேரு போடலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னாட்டம் எறங்கியிருக்குது! எங்க பையனோடதும் ஒண்ணு போட்டாங்க, திம்பம் மலை ரோடாட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகுது, எங்க போய்ச் சேரும்னு மேடத்துக்கே தெரியலை." வரவேற்பு மேசைக்கு மேலே அறிவிப்புப் பலகை, அதில் அந்தத் தாள், நான் வீட்டில் எடுத்துக் கொடுத்த எண்களை வைத்து மையத்தை நடத்துகிற மேடம் போட்ட கோடு. கீழே ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை நாள், இடது ஓரத்தில் எண்ணிக்கை, தலைப்பில் காதில் அடித்துக்கொள்ளுதல். கோடு நாற்பதில் தொடங்கி அங்கேயே தள்ளாடி, பதினொன்றாம் நாள் ஏற ஆரம்பித்து, பதினெட்டாம் நாள் நூற்றுப் பன்னிரண்டு, பத்தொன்பதாம் நாள் பதினான்கு, அப்புறம் ஆறு, அப்புறம் பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், கோடு விழுகிற பத்தொன்பதாம் நாளுக்கு நேராக யாரோ பச்சை ஸ்கெட்ச்சில் சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறார்கள். வேலையிடத்தில் ஒரு அளவு இப்படி ஒரே நாளில் விழுந்தால் நான் முதலில் பொருளை நம்ப மாட்டேன், அளக்கிற கருவியைக் கழற்றிப் பார்ப்பேன், எந்தக் கருவியும் சும்மா நல்ல சேதி சொல்லாது என்று புதிதாகச் சேர்கிற பையன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இந்தக் கோட்டை ஃபோனில் படம் எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். "சனிக்கெழமை பெத்தவங்க மீட்டிங்ல நீங்கதானாம் பேசறது? மேடம் சொன்னாங்க. கூச்சப்படாம பேசுங்க, எங்க ஊட்டுக்காரரையும் இழுத்துட்டு வர்றேன், அவரு இதெல்லாம் வெட்டி வேலைங்கறாரு." சரிங்க, என்கிறேன். பேசலாம். என் மகளின் காது கிழிந்த நாளுக்கு நேராக ஒரு சிரித்த முகம் இருக்கிறது, எல்லோரும் பாருங்கள் என்று ஆரம்பிக்கலாம்.

ஃபோன் அதிர்கிறது. கோகிலா. பதினொன்று பத்து, பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல். எண்ணுவதற்காக நான் லீவு போட்டு வீட்டில் இருக்கிற இந்த இருபத்தைந்து நாளும் இன்டர்வெல்லில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ஹலோ கிடையாது, எடுத்ததும், எத்தனை, என்று கேட்பாள். நான் எண்ணைச் சொல்வேன். அவ்வளவுதான் பேச்சு. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், எண்ணைக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள். அடித்து ஓயட்டும். எடுத்தால் எத்தனை என்பாள், பூஜ்ஜியம் என்று சொன்னால் அது பொய் இல்லை. அதுதான் கொடுமை, அந்தத் தாளில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அவள் ஆரம்பத்திலேயே சொன்னாள். காதில் அடிப்பதை நிறுத்த மேடம் போட்ட திட்டம் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும், தோசைக்கல் அடுப்பில், "ஏனுங்க, காதுல ஏதாச்சும் இருக்குமோ? ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிப்போடலாமா?" சம்மு சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து வலது கையால் வலது காதில் அடித்துக்கொண்டிருந்தாள், நான் எதிரே ஸ்டூலில், கையில் கட்டை விரலால் அழுத்தினால் எண் ஏறுகிற கவுன்டர், கம்பெனியில் நட்டு எண்ணுகிறது. டிக். டிக். "வலியா இருந்தா காய்ச்சல் வரும், அழுவா. இவ அழுவலையே. நீ தூக்கறியே, அதுக்கு அடிக்கறா. மேடம் சொன்னது ஞாபகம் இருக்கா இல்லையா?" என்றேன். "அழுதா மிட்டாய் கெடையாதுன்னு அழுகையையும் நீங்கதானே நிறுத்திப்போட்டீங்க," என்றாள். அது எனக்கு அன்றைக்குக் குத்தலாக மட்டும்தான் பட்டது. அதில் ஒரு தகவல் இருந்தது, குறித்துக்கொள்ளவில்லை, தாளில் அதற்குக் கட்டம் இல்லை. "போல்ட்டு எண்ணறாப்பல எண்ணறீங்க. அது புள்ளைங்க." தோசையைத் திருப்பிப் போட்டாள், கருகியிருந்தது, அதையும் நான்தான் தின்றேன்.

மேடம் கெட்டவர் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். மூன்று நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார், என்ன நடக்கும்போது அடிக்கிறாள், அடித்ததும் என்ன கிடைக்கிறது என்று இரண்டு பத்தியில் எழுதினார். அடித்தால் அம்மா தூக்குகிறாள். பத்தில் எட்டுத் தடவை. அதனால் அம்மாவுக்காக அடிக்கிறாள், தூக்குவதை நிறுத்தினால் அடிப்பதும் நிற்கும். பம்பு சத்தம் போட்டால் பேரிங் போய்விட்டது, அது மாதிரி சுத்தமான முடிவு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன் சார், என்றார், நிற்பதற்கு முன்னால் ஒருதடவை ரொம்ப ஏறும், பழைய சாவி திறக்கவில்லை என்றால் நாம் இன்னும் பலமாகத் திருகிப் பார்ப்போமில்லையா, அது மாதிரி, அந்தச் சமயத்தில் மனசு இளகித் தூக்கிவிட்டீர்கள் என்றால் அத்தனையும் வீண், இன்னும் மோசமாகும். பதினொன்றாம் நாள் எண் ஏறியபோது நான் பயப்படவில்லை. சொன்ன மாதிரியே நடக்கிறது என்று கோகிலாவிடம் தாளை நீட்டினேன். அறுபத்தெட்டு, எழுபத்தொன்பது, தொண்ணூற்று நாலு. ஏற ஏற எனக்கு நம்பிக்கை ஏறியது. இப்போது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். குறைந்தால் திட்டம் வேலை செய்கிறது, கூடினாலும் திட்டம் வேலை செய்கிறது. அப்படியானால் என்ன நடந்திருந்தால் திட்டம் தப்பு என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும்? எந்த எண் வந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஃபவுண்டரிக்காரனிடம் முதல் நிமிடத்தில் கேட்டிருப்பேன். கோகிலா தாளை வாங்கிப் பார்க்கவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் இங்கே டிக், டிக்.

திரையில் குடை அட்டையை எடுத்துக் கொடுக்கிறாள். கூட்டல். பஸ். கூட்டல். வலது பக்கமாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறாள், இந்தச் சாய்வு எப்போது வந்தது? இன்றைக்குத்தான் பார்க்கிறேனா? முந்தாநாள் தலையணை உறை மாற்றும்போது மஞ்சளாக வட்டம், எச்சில் என்றுதான் நினைத்தோம், ஒரு வாரமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், முகர்ந்து பார்த்தேன், எச்சில் இல்லை. நேற்று முழுக்க யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். டாக்டர் வயசானவர், வாயில் கிராம்பு அடக்கியிருந்தார், கருவியைக் காதில் விட்டார், சம்மு அசையவில்லை. "பிள்ளை ரொம்ப ஒத்துழைக்குதே, இப்பிடி ஒரு பிள்ளையை நான் பாத்ததில்லை," என்றார். கை மடியில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தானாகவே மடியில் வைத்திருந்தாள். "உள்ள சீழ் கட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்கு. இதுக்கு முன்னாடி வலி உயிர் போயிருக்குமே, துடிச்சிருப்பாளே, நீங்க பாக்கலையா?" பார்த்தேன் டாக்டர், எண்ணிக்கூட வைத்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. எப்போது வலி நின்றது என்று கேட்டார். போன வாரம் புதன்கிழமை என்றேன். "அன்னைக்குக் கிழிஞ்சிருக்கும். கிழிஞ்சு சீழ் வெளிய வந்துட்டா அழுத்தம் போயிரும், வலியும் சட்டுனு நின்னுரும். குணமாயிருச்சுன்னு நெனச்சிருப்பீங்க." ஆமாம் டாக்டர். அன்றைக்கு சாயங்காலம் மைசூர்பாகு வாங்கினேன். கோகிலா தொடவில்லை, மூன்று நாள் கழித்து எறும்பு வந்தது.

யார் மேல் பழியைப் போடலாம் என்றுதான் ராத்திரியிலிருந்து பார்க்கிறேன். எழுந்து போய் மேடத்தின் மேசையில் சீட்டைப் போட்டு, என்னம்மா படித்தீர்கள் என்று கத்தலாம். பரிமளாக்கா முன்னால் கத்தலாம். கத்தினால் அவர் ஃபைலை எடுப்பார். ஃபைலின் முதல் பக்கம் எனக்குத் தெரியும், திட்டம் தொடங்குவதற்கு முன்னால் கொடுத்த படிவம், அதில் மூன்றாவது வரி, உடல்நலக் காரணம் ஏதுமில்லை என்று மருத்துவரிடம் பரிசோதித்தாயிற்றா? பக்கத்தில் ஒரு கட்டம். அதில் ஒரு டிக். சளிக்காக ரெண்டு மாதம் முன்னால் குழந்தை டாக்டரிடம் காட்டியிருந்தோம், அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு நல்லா இருக்கா என்றார், அது போதும் என்று இருந்தது, பேனா கையில் இருந்தது, டிக் இல்லாவிட்டால் அடுத்த மாதம்தான் ஆரம்பிப்போம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அவசரம். பார்க்காத சரக்குக்கு டிக் போட்டதாக ஒருத்தனைப் போன வருடம் வேலையை விட்டு அனுப்ப நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது, காலில் விழுந்தான். அந்தப் பதினெட்டாம் நாளை நினைக்கக் கூடாது. நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேனே, அது சரியில்லை, நூற்றுப் பதிமூன்று. கடைசி ஒன்றை எழுதவில்லை, அது அடி இல்லை என்று எழுதாமல் விட்டேன். நான் ஸ்டூலில் இருந்தேன், அவள் எழுந்து வந்தாள், என் வலது கையைப் பிடித்தாள், கவுன்டர் இருந்த கையை, விரல் விரலாகப் பிரித்துக் கவுன்டரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, என் உள்ளங்கையைக் கொண்டுபோய்த் தன் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணைப் பார்க்கவில்லை. யாரும் பார் என்று சொல்லவில்லை, அதனால் பார்க்கவில்லை. காது அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது. சுட்டதே, கைக்குத் தெரிந்ததே. முகத்தில் எதுவும் காட்டாமல், பேசாமல், கையை எடுத்துவிட வேண்டும் என்பது திட்டத்தில் நான்காவது வரி. எடுத்துவிட்டேன். ஒரு பொருளை எடுத்து வைப்பது போல எடுத்தேன், மேடம் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். மறுநாள் பதினான்கு.

கதவு திறக்கிறது. பன்னிரண்டு. பெனிட்டா மிஸ்ஸுக்கு இருபத்து நாலு வயது இருக்கும், சம்முவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளி வருகிறாள். "சார், இன்னைக்கும் ஜீரோ! ஒருக்காகூடக் கை மேல போகலை. உக்காருன்னா உக்கார்றா, பாருன்னா பாக்கறா. தங்கம் சார் இவ." பின்னாலேயே மேடம், கையில் சனிக்கிழமைக்கான ஒரு தாள். "ரெண்டே வார்த்தை பேசினாப் போதும் சார். அந்த ஏற்றம் வந்தப்ப எப்படித் தாங்கினீங்கன்னு சொல்லுங்க, அங்கதான் எல்லாரும் விட்டுர்றாங்க." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். "அந்த கிராஃபை எடுத்துருங்க மேடம்," என்றேன். கத்தவில்லை. அவர் படித்தார், அவருக்கு அந்தக் கையெழுத்து புரிந்தது. இரண்டாம் தடவை படித்தார். பலகையைத் திரும்பிப் பார்த்தார், பத்தொன்பதாம் நாளைத்தான் பார்த்திருப்பார். "மெடிக்கல் செக் முடிஞ்சதுன்னு ஃபார்ம்ல டிக் இருந்துச்சுங்களே சார்," என்றார். "இருக்குதுங்க. நான் போட்டதுதான்." பெனிட்டா மிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சம்முவின் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரிமளாக்கா திரையில் மேசைக்கு அடியில் கிடக்கும் தன் மகனைப் பார்த்தார், எழுந்தார், கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

செருப்பு மாட்டும் பெஞ்சில் சம்முவை உட்கார வைத்து முன்னால் குந்தியிருக்கிறேன். இடது செருப்பு, வார். வலது செருப்பு, வார். கையை அவள் வலது காதுப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோகிறேன், தொடவில்லை, ஒரு விரல்கடை தள்ளி. "வலிக்குதா சாமி? இங்க வலிக்குதா?" அவள் முதுகு நேராகிறது. இரண்டு கையும் மடிக்கு வருகின்றன, ஒன்றன்மேல் ஒன்று. தலையைத் தூக்கி என் கண்ணைப் பார்க்கிறாள், ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் மேல் கையைப் புரட்டி, உள்ளங்கையை விரித்து, மிட்டாய்க்கு நீட்டுகிறாள். ஃபோன் அதிர்கிறது. எடுக்கிறேன். "எத்தனை?" என்கிறாள் கோகிலா. "கோகிலா," என்கிறேன், "காதுதான்." அந்தப் பக்கம் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருக்கிறது, நாலு, ஐந்து, ஆறு, எண்ணாமல் இருக்க எனக்கு வரவில்லை. சம்முவின் கை விரித்தபடியே இருக்கிறது.